ஜவ்வாது மலை "டைனோசர் தட்டான்": முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: ஜவ்வாது மலையில் தோண்டியபோது கிடைத்ததாக ஒருவர் ஒரு கருங்கல்லைக் காட்டினார். இறக்கை விரித்த தட்டான், ஒரு அடி அகலம், அதில் பதிந்திருக்கிறது. டைனோசர் காலத்தது, கார்பன் சோதனைச் சான்றிதழ் இருக்கிறது என்கிறார். விலை 40,000, முன்பணம் 10,000. பையனுக்காக வாங்கலாமா? (குடியாத்தம் வாசகர்)

பதில்: வாங்காதீர்கள்.

ஜவ்வாது மலைப் பாறை பூமிக்கடியில் பயங்கரச் சூட்டில் வெந்து மாறியது, 250 கோடி ஆண்டு அளவுக்குப் பழசு. பூச்சிகள் உலகத்தில் தலைகாட்டியே சுமார் 40 கோடி ஆண்டுதான். அப்புறம் தட்டான் எப்படி உள்ளே போகும்?

பெரிய தட்டான் இருந்தது நிஜம்தான், தட்டானுக்குத் தூரத்து உறவு என்று வையுங்கள். பிரான்சின் கொமன்த்ரி நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்து 1885இல் மெகானியூரா என்று பெயர் வாங்கியதற்கு, இறக்கை விரித்தால் சுமார் 65 சென்டிமீட்டர். ஆனால் அது 30 கோடி ஆண்டுக்கு முந்தியது. டைனோசர் வந்தது அதற்கும் ஆறேழு கோடி ஆண்டு கழித்து. படம் போடுகிறவர்கள் இரண்டையும் ஒரே காட்டில் விட்டுவிடுகிறார்கள், தரகர்களுக்கு அதுவே மூலதனம்.

சான்றிதழைக் கேட்டுச் சிரிப்புதான் வந்தது. கார்பன் சோதனை ஏறக்குறைய 50,000 ஆண்டுக்கு மேல் எட்டாது. டைனோசர் காலக் கல்லுக்கு அந்தச் சான்றிதழ் நீட்டுகிறார் என்றால், போலி என்று அவரே எழுதிக் கொடுத்த மாதிரி. முத்திரை, கையெழுத்து, ஹாலோகிராம் எதைக் காட்டினாலும் மயங்காதீர்கள், எல்லாம் ஜெராக்ஸ் கடையில் அடிக்கலாம்.

ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். கல் நிஜமாக இருந்து ஊர் மட்டும் பொய்யாக இருக்கவும் வழியுண்டு. பிரேசிலின் கிராட்டோ சுண்ணாம்புப் பாறையில் இறக்கை நரம்பு தெரியத் தட்டான்கள் கிடைக்கின்றன, சுமார் 11 கோடி ஆண்டுப் பழசு. ஆனால் அது வெளிர் மஞ்சள் பலகைக்கல், உங்கள் ஆள் காட்டியது கருங்கல். அளவும் பெரும்பாலும் நம்ம ஏரிக்கரைத் தட்டான் அளவுதான், ஒரு அடியெல்லாம் இல்லை. அங்கே 1942 முதலே புதைபடிவம் அரசுச் சொத்து, எனவே நிஜக் கல்லாக இருந்தாலும் அது கடத்தி வந்ததாகத்தான் இருக்கும். அதுவும் வேண்டாம்.

இதையெல்லாம் ஒரு சாதாரண ஆள் போய்க் காட்டிக் கேட்க ஒரு ஜன்னலாவது இருக்கிறதா? ஒரு அலுவலகம் அடுத்த அலுவலகத்தைக் கை காட்டும், அது மனு எழுதி வா என்னும், அதற்குள் தரகர் நாலு பேரிடம் முன்பணம் வாங்கியிருப்பார்.

ஜிபேயில் பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடியுங்கள். பையனுக்குப் புதைபடிவம்தான் ஆசை என்றால் அரியலூர் பக்கம் வாரணவாசி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். அங்கே பார்க்கப் போவது பெரும்பாலும் கடல் சிப்பியும், அம்மோனைட் என்கிற சுருள் ஓட்டுக் கடல் உயிரியும்தான், தட்டானை எதிர்பார்க்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.