மலைச் சைக்கிள் ஓட்டுநருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது?

சுவிற்சர்லாந்தில் வசிக்கும் ஒரு சகோதரி இங்கே கேட்டிருக்கிறார்: தன்னுடைய 16 வயது மகன் மலைச் சைக்கிள் பந்தயங்களில் நன்றாக ஓடுகிறான், தொழிற்கல்வியை, அதாவது நம்மவர்கள் ‘லேர’ என்று சொல்வதை, பாதியில் விட்டுவிட்டு முழுநேர ஓட்டுநராகப் போக விரும்புகிறான், இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எதைக்கொண்டு வாழ்கிறார்கள், அவர்களுடைய ஒரு நாள் எப்படிக் கழிகிறது? நான் கிரௌபுண்டன் மாநிலத்தில் 14 ஆண்டுகளாகச் சைக்கிள் திருத்தும் வேலை செய்பவன். எங்கள் கடை கூர் நகரில் இருப்பதால், லென்சர்ஹைடே மலைக்கு ஏறி இறங்கும் ஓட்டுநர்கள் பலருடைய சைக்கிள்களை நான் கழற்றிப் பூட்டியிருக்கிறேன். அவர்கள் காத்திருக்கும் நேரத்தில் கதைத்தவற்றையும், பந்தயத் திடலில் உதவிக்கு நின்றபோது கண்டவற்றையும் வைத்து இந்தப் பதிலை எழுதுகிறேன்.

பரிசுக் காசில் யாரும் குடும்பம் நடத்துவதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உலகக் கிண்ணச் சுற்று ஒன்றில் முதலிடம் பெறுபவருக்கே சில ஆயிரம் யூரோதான் கிடைக்கும். இருபதாவதாக வருபவரின் பரிசு, அந்தக் கிழமை அவர் விமானச் சீட்டுக்கும் சைக்கிள் பெட்டிக்கும் தங்குமிடத்துக்கும் கொடுத்த காசுக்கு ஈடாகாது. சம்பளம் தருபவை சைக்கிள், டயர், தலைக்கவசம், மூக்குக்கண்ணாடி, சக்திப் பானம் முதலியவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்கள். பந்தயத்தில் வெல்வதற்கு அவை ஊக்கத்தொகை கொடுக்கின்றன என்றாலும், மாதச் சம்பளத்தைக் கொடுப்பது தங்கள் பொருளின் மேல் அந்த ஓட்டுநரை மக்கள் பார்க்கிறார்கள் என்பதற்காகத்தான். இதற்கு நல்ல சான்று ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த டானி மெக்காஸ்கில். எடின்பரோ நகரில் சைக்கிள் கடையொன்றில் என்னைப் போலவே திருத்துநராக இருந்த அவர், மதில்களிலும் கம்பிவேலிகளிலும் சைக்கிள் ஓட்டிக் காட்டிய ஒரு காணொளி 2009ஆம் ஆண்டு ஏப்ரலில் இணையத்தில் வெளியாகி உலகமெங்கும் பரவியது. அன்றிலிருந்து அவருடைய பிழைப்பு காணொளிகளாலும் நிகழ்ச்சிகளாலும் நடக்கிறது. உலகக் கிண்ணப் புள்ளிப் பட்டியலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஆகவே, உங்கள் மகன் முழுநேர ஓட்டுநராகப் போனால் இரண்டு வேலைகளுக்குப் போகிறான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று உடலைத் தயார் செய்து ஓடுவது. மற்றையது, தன்னைத் தொடர்ந்து மக்கள் கண்ணில் வைத்திருப்பது: படம் எடுப்பது, ஒப்பந்தத்தில் எழுதியபடி பதிவிடுவது, விற்பனையாளர்களோடு ஒரு நாள் ஓடிக் காட்டுவது, புதிய மாதிரி வெளிவரும்போது மூன்று நாள் ஒரே சரிவில் திரும்பத் திரும்ப இறங்குவது. நல்ல கால்கள் உள்ள சிலர் இந்த இரண்டாவது வேலையை வெறுத்தே ஒப்பந்தம் இழந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் வேலையின் ஒரு நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஏற்றமும் இறக்கமுமான பாதையைப் பல சுற்று ஓடும், ஒலிம்பிக்கில் உள்ள ‘கிராஸ் கன்ட்ரி’ பிரிவை எடுத்துக்கொள்வோம். 1996 அட்லாண்டாவில் சேர்க்கப்பட்ட இந்தப் போட்டி சுமார் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணித்தியாலம் நடக்கும். அதற்காக ஓட்டுநர் கிழமைக்குப் பதினைந்து, இருபது மணித்தியாலம் பயிற்சி செய்கிறார். அந்தப் பயிற்சியில் பெரும்பகுதி மலைப்பாதையில் நடப்பதில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கல்லும் வேரும் நிறைந்த பாதையில் கால்களுக்கு எவ்வளவு வேலை கொடுக்கிறோம் என்பதைச் சீராக வைத்திருக்க முடியாது. தார்ச்சாலையில் மிதிகளில் பொருத்திய ஆற்றல்மானியைப் பார்த்துக்கொண்டு, பயிற்றுநர் எழுதிக் கொடுத்த அளவிலேயே நான்கு மணித்தியாலம் மிதிக்கலாம். காலையில் நாடித்துடிப்பைக் குறித்துக்கொள்வார்கள், கஞ்சி குடிப்பார்கள், சாலைக்குப் போவார்கள், மதியம் தூங்குவார்கள், மாலையில் முதுகுக்கும் வயிற்றுக்கும் உடற்பயிற்சி. சில நாட்களில் மட்டும் ஒரே வளைவை முப்பது தடவை இறங்கிப் பழகுவார்கள். வெளியில் இருந்து பார்க்கும்போது இது சலிப்பூட்டும் வாழ்க்கை. அதை விரும்பிச் செய்கிறவர்களே நிலைக்கிறார்கள்.

இன்னொன்றைப் பெற்றோர் எவரும் முன்கூட்டி அறிந்திருப்பதில்லை. ஊக்கமருந்துச் சோதனைக்கான பட்டியலில் ஓர் ஓட்டுநர் சேர்க்கப்பட்டுவிட்டால், ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் தான் எந்த முகவரியில் இருப்பேன் என்பதை, வரப்போகும் மூன்று மாதங்களுக்கும் சேர்த்து முன்கூட்டிப் பதிந்து வைக்க வேண்டும். அந்த நேரத்தில் முன்னறிவிப்பில்லாமல் ஆள் வந்து கதவைத் தட்டுவார். 12 மாதங்களுக்குள் மூன்று தடவை தவறினால், உடலில் எந்த மருந்தும் இல்லாவிட்டாலும் அது விதிமீறல்தான். கலியாண வீட்டுக்குப் போவதானாலும் முகவரியை மாற்றிவிட்டுத்தான் போகலாம்.

கிரௌபுண்டன் பிள்ளைகள் எல்லோருக்கும் நீனோ ஷுர்ட்டரைத் தெரியும். தெர்ஸ்னாவுஸ் என்ற சிறிய மலைக்கிராமத்தில் பிறந்தவர், பத்துத் தடவை உலகச் சாம்பியன், 2008இல் வெண்கலம், 2012இல் வெள்ளி, 2016இல் தங்கம் என்று மூன்று ஒலிம்பிக் பதக்கங்களும் பெற்றவர். 2018இல் உலகச் சாம்பியன் போட்டி லென்சர்ஹைடேயில் நடந்தபோது தன் சொந்த மண்ணில் அவர் வென்றதைப் பார்த்த பிள்ளைகள்தான் இப்போது உங்கள் மகனின் வயதில் இருக்கிறார்கள். அவரும் கூடத் தனியே எழுந்து வந்தவர் அல்லர்; அட்லாண்டாவில் வெள்ளி வென்ற தோமஸ் ஃப்ரிஷ்னெக்ட் நடத்திய அணியில் ஆண்டுக்கணக்காக, ஒரே நிறுவனத்தின் சைக்கிளில் ஓடிய நிலைத்தன்மை அவருக்குக் கிடைத்தது. அத்தகைய அணிகள் உலகில் மிகச் சில. அவற்றில் ஓட்டுநருக்குத் திருத்துநர், உடற்பிடிப்பு நிபுணர், சமையற்காரர் எல்லோரும் உண்டு. அவர் மிதித்தால் போதும்.

அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவர்களைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். அவர்களில் ஓர் இளைஞரைப் பற்றிப் பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். அவர் தச்சர், 60 விழுக்காடு வேலை, மீதி நேரம் ஓட்டம். ஓர் ஆண்டு லென்சர்ஹைடேயில் உலகக் கிண்ணச் சுற்று நடந்தபோது நான் அவருக்காக விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். பெரிய அணிகளின் லொறிகளும் கூடாரங்களும் நின்ற இடத்துக்கு அப்பால், புல்வெளியின் ஓரத்தில் அவருடைய தந்தையின் வான் நின்றது. இரவு அதற்குள் மூவர் படுத்தோம். காலையில் மழை. காய்ந்த தரைக்கென்று முதல் நாள் போட்ட டயர்களைக் கழற்றி, பல் உயர்ந்தவற்றைப் போட்டு, ஓட்டையை உடனே அடைக்கும் வெள்ளைத் திரவத்தை உள்ளே ஊற்றினேன். இங்கே ஜெர்மன் மொழியிலும் அதைப் பால் என்றுதான் சொல்வார்கள். பிறகு காற்று. 1.4 பார் அழுத்தம் வைத்தேன். அவர் பெருவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் எடுங்கள் என்றார். 1.35. மறுபடி அழுத்தினார். காற்றைக் குறைத்தால் ஈரவேரின் மேல் டயர் ஒட்டிப் பிடிக்கும், ஆனால் கல்லில் அடித்தால் ரிம் வரைக்கும் அமுங்கி வெடித்துவிடும். புதிய டயர் ஒன்று 70 பிராங்குக்கு மேல், சில்லு உடைந்தால் அவருடைய ஒரு மாத வாடகை. 1.3 பாரில் நிறுத்தினோம். அவர் பின்வரிசையில் நின்று புறப்பட்டு, முதற்சுற்றில் ஒடுங்கிய பாதையின் வாயிலில் நெரிசலில் காலூன்றி நின்று, பின்பு ஐம்பது பேருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தபோது, ஒரு சுற்றுப் பின்தங்கப் போகிறவர்களை வெளியே எடுக்கும் 80 விழுக்காடு விதியின்படி நடுவர் அவரை நிறுத்தினார். அவருடைய தந்தை சைக்கிளை வாங்கி ஒரு சொல்லும் பேசாமல் சேற்றைக் கழுவத் தொடங்கினார். திங்கட்கிழமை காலை 7 மணிக்கு அந்த இளைஞர் தச்சுப் பட்டறையில் நின்றார்.

நான் அவரைத் தோற்றவர் என்று சொல்லவே மாட்டேன். அந்தச் சேற்றில் உலகின் மிகச் சிறந்த நூறு பேருக்குள் ஒருவராக நின்றவர் அவர். இரண்டு ஆண்டுகள் ஒரு நிறுவனம் அவருக்குச் சைக்கிளும் சிறு தொகையும் கொடுத்தது. ஒரு கார்த்திகை மாதத்தில், அடுத்த ஆண்டுக்குப் புதுப்பிக்கவில்லை என்று நான்கு வரி மின்னஞ்சல் வந்தது. ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஓராண்டுக்கோ இரண்டாண்டுக்கோதான், மார்கழி 31ஆம் திகதி முடிந்துவிடும். கொரோனாக் காலத்தில் எங்கள் கடைகளில் சைக்கிள் கிடைக்காமல் மக்கள் பெயர் எழுதிக் காத்திருந்தார்கள்; அதை நம்பி நிறுவனங்கள் அளவுக்கு மீறித் தயாரித்தன; 2023 முதல் கிடங்குகள் நிரம்பி விலை சரிந்தது. அப்போது முதலில் வெட்டப்பட்டது அணிகளுக்கான செலவு. அதே ஆண்டில் உலகக் கிண்ண ஒளிபரப்பும் கைமாறியது. அதுவரை எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்த்ததைப் பல நாடுகளில் காசு கட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. பார்க்கப்படுவதற்காகச் சம்பளம் வாங்குபவருக்கு இது சிறிய செய்தி அன்று.

டவுன்ஹில் என்னும் இறக்க ஓட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் மகன் எந்தப் பிரிவில் ஓடுகிறான் என்று நீங்கள் எழுதவில்லை. அங்கே ஓட்டம் மூன்று முதல் ஐந்து நிமிடம். ஒரு பருவத்தின் இறுதி ஓட்டங்களை எல்லாம் கூட்டினாலும் ஒரு மணித்தியாலம் வராத ஓட்டத்துக்காக ஆண்டு முழுவதும் உழைக்கிறார்கள். காறை எலும்பும் மணிக்கட்டும் முறிவது சாதாரணம். தலையில் அடிபடுவதைத்தான் நான் அஞ்சுகிறேன். அமெரிக்காவின் யூட்டா பாறைச் சரிவுகளில் நடக்கும் ரெட் புல் ரம்பேஜ் போட்டியில் 2015இல் பால் பாசகோய்ட்டியா விழுந்து முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட பின்புதான், ஓட்டுநர்களின் மருத்துவச் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி உரத்து எழுந்தது. உடற்காயம் மட்டும் அல்ல: 2016இல் 22 வயதில் ஒலிம்பிக் தங்கம் வென்ற சுவீடன் நாட்டு ஜென்னி ரிஸ்வெட்ஸ் அதன்பின் மனச்சோர்வுக்கு ஆளாகி ஓட்டத்தை விட்டு விலகினார், அதை வெளிப்படையாகச் சொன்னார். 2019இல் திரும்பி வந்து எங்கள் லென்சர்ஹைடேயில் உலகக் கிண்ணச் சுற்றை வென்ற நாளில் நான் வேலிக்கு அருகில் நின்று கைதட்டினேன். பாரிஸ் 2024இல் அவர் வெண்கலமும் வென்றார்.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். தம்பி ஓடட்டும், லேரயை மட்டும் விட வேண்டாம். இந்த நாட்டில் விளையாட்டு வீரர்களுக்கு இடம் கொடுக்கும் தொழிலகங்கள் உண்டு. அவற்றில் மூன்று ஆண்டுப் பயிற்சியை நான்காக நீட்டி, பந்தயக் காலத்தில் விடுப்புக் கொடுப்பார்கள். குடியுரிமை பெற்றிருந்தால், திறமையைப் பொறுத்து, இராணுவத்தின் மக்லிங்கன் விளையாட்டுப் பயிற்சிப் பிரிவில் 18 கிழமை சேவையைப் பயிற்சியாகவே கழிக்கும் வழியும் இருக்கிறது; இத்தாலியில் இராணுவமும் பொலிசும் ஓட்டுநர்களுக்கு மாதச் சம்பளமே கொடுக்கின்றன. தோக்கியோ ஒலிம்பிக்கில் யோலண்டா நெஃப், சீனா ஃப்ரை, லிண்டா இன்டர்கான்ட் என்று பெண்களின் மூன்று பதக்கங்களையும் சுவிஸ் அள்ளியதற்குப் பின்னால் இப்படிப்பட்ட ஏற்பாடுகள் இருந்தன. குடியுரிமை இன்னும் கிடைக்கவில்லை என்றால், விண்ணப்பத்தை இப்போதே தொடங்குங்கள். தேசிய அணியின் சட்டை அதில்லாமல் கிடைக்காது.

காப்புறுதியையும் இந்தக் கிழமையே பாருங்கள். லேரயில் இருக்கும்வரை தொழில் வழங்குநரின் விபத்துக் காப்புறுதி அவனுடைய வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் சேர்த்துப் பொறுப்பு. ஆனால் டவுன்ஹில் பந்தயத்தையும், பந்தயப் பாதையில் செய்யும் பயிற்சியையும் சூவா என்னும் விபத்துக் காப்புறுதி நிறுவனம் ‘முழு ஆபத்து’ வகையில் வைத்திருக்கிறது. அதில் விழுந்தால் வைத்தியச் செலவு கிடைக்கும், நாட்கூலி ஈடும் ஊனமுற்றோர் ஓய்வூதியமும் பாதியாகக் குறைக்கப்படும். லேரயை விட்டு வேறு வேலையும் இல்லாமல் இருந்தால், 31 நாட்களுக்குப் பிறகு அந்தக் காப்புறுதியே முடிந்துவிடும். அதன்பின் அவனுடைய நோய்க் காப்புறுதியில் விபத்தை நீங்களே சேர்க்க வேண்டும், ஆனால் அதில் வைத்தியச் செலவுதான் வரும், நாட்கூலி ஈடு வராது. பங்குனியில் பந்தய உரிமச்சீட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பு, காப்புறுதி நிறுவனத்திடம் அவன் ஓடும் பிரிவின் பெயரைக் குறிப்பிட்டு, எது சேரும் எது சேராது என்று எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள்.