வரப்புக்கு அப்பால் மனைக்கல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நெல்லிக்குப்பம் வாசகர்: என் வயலுக்குக் கிழக்கே இருந்த இரண்டு காணி நிலம் மனைப்பிரிவாகிவிட்டது. சாலை போட்டவர்கள் வடிகால் வாய்க்காலை மூடிவிட்டு ஒரு சிமென்ட் குழாயைப் புதைத்திருக்கிறார்கள். ஐப்பசி மழையில் என் நடவு முழுகிப்போயிற்று. என்ன செய்யலாம்?

முதலில் அந்த வாய்க்கால் யாருடையது என்று பாருங்கள். கிராமக் கணக்கின் அ-பதிவேட்டில் (ஒவ்வொரு புலத்தின் வகையையும் குறிக்கும் நிலையான பதிவேடு) அதற்குத் தனிப் புல எண்ணும் வாய்க்கால் புறம்போக்கு என்ற குறிப்பும் இருந்தால், அதை மூடவோ குறுக்கவோ மனை போட்டவருக்கு உரிமை கிடையாது. புலப்பட நகலை இணைத்து, அளந்து காட்டுமாறு வட்டாட்சியரிடம் மனுக் கொடுங்கள். பட்டா நிலத்தின் ஊடே ஓடும் வாய்க்கால் என்றால் வழி வேறு. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி (ஈஸ்மென்ட் என்றால்தான் வழக்கறிஞருக்குச் சட்டென்று புரியும்), 20 ஆண்டுகள் தடையின்றி, வெளிப்படையாக, உரிமையோடு அவ்வழியே தண்ணீரை விட்டுவந்திருந்தால் அந்த உரிமையை நீங்கள் கோரலாம். ஆனால் அடைத்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் நீதிமன்றத்துக்குப் போய்விட வேண்டும். பேச்சுவார்த்தையிலேயே அந்தக் காலத்தைக் கழித்துவிடாதீர்கள்.

தண்ணீர் நிற்கும்போதே வரப்பில் ஓர் அளவுகோலை நட்டுத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். தை மாதத்தில் வந்து பார்க்கும் அலுவலர் கண்ணில் காய்ந்த தரைதான் படும். குழாய் போட்டிருக்கிறோமே என்பார்கள் மனை போட்டவர்கள். முதல் மழைக்கு அது ஓடும். அடுத்த ஐப்பசியில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பையும் அதன் வாயை அடைத்துக்கொள்ளும். 2015 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த கடலூர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குமராட்சி வாசகர்: எங்கள் ஒன்றியம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் இருக்கிறது. எனவே இங்கே மனைப்பிரிவு வராது என்கிறார்களே?

வரும். அந்த மண்டலத்தை உருவாக்கிய 2020ஆம் ஆண்டுச் சட்டத்தில் கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து ஒன்றியங்கள் அடங்கும். ஆனால் அது தடுப்பது தாமிர உருக்காலை, தோல் பதனிடும் ஆலை, எண்ணெய், எரிவாயுத் துரப்பணம் போன்ற பட்டியலிட்ட தொழில்களைத்தான். வீட்டுமனை அந்தப் பட்டியலில் இல்லை. என் பார்வையில் அந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை இதுவே.

கடலூர் வாசகர்: நகரை ஒட்டிய வயலை விற்றால் வருமான வரி உண்டா?

மக்கள்தொகை 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை உள்ள நகரின் எல்லையிலிருந்து, வான்வழி நேர்க்கோட்டில் 6 கிலோமீட்டருக்குள் இருந்தால் மூலதன ஆதாய வரி வரும். கடலூர் மாநகராட்சி இந்த வரம்பில்தான் இருக்கிறது. சாலை வழியாகச் சுற்றிக் கணக்கிட்டு ஏமாறாதீர்கள். நீங்களோ பெற்றோரோ விற்பதற்கு முந்தைய 2 ஆண்டுகள் அதில் பயிர் செய்திருந்து, விற்ற 2 ஆண்டுகளுக்குள் வேறு விளைநிலம் வாங்கினால் சலுகை உண்டு.

பண்ருட்டி வாசகர்: நான்கு ஆண்டுகளாகத் தரிசாகக் கிடக்கும் நஞ்சை, புஞ்சையாகிவிடுமா?

ஆகாது. அடங்கலில், அதாவது அந்தந்த ஆண்டின் பயிர்க் கணக்கில், தரிசு என்று எழுதுவார்கள். அ-பதிவேட்டில் நஞ்சை நஞ்சையாகவே இருக்கும். அதை மனையாக்க மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும். இசைவு வாங்கியாயிற்று என்று தரகர் சொன்னால், அந்த ஆணையின் நகலைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள புல எண்ணை உங்கள் பட்டாவோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முன்பணத்தில் கை வையுங்கள்.