துப்பாக்கிக்கு உரிமம் போதுமா, காப்பீடும் வேண்டுமா? டெல்டா வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: மறைந்த என் தந்தையாரின் இரட்டைக்குழல் துப்பாக்கி பீரோவில் பூட்டியே கிடக்கிறது. தோட்டாவும் இல்லை, சுடத் தெரிந்தவரும் இல்லை. இதற்கும் உரிமம் வேண்டுமா? (மன்னார்குடி வாசகர்)

பதில்: வேண்டும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் சுடுவதற்கு மட்டுமல்ல, வைத்திருப்பதற்கே உரிமம் கேட்கிறது. தந்தையாரின் உரிமம் அவரோடு முடிந்துவிட்டது; வாரிசுச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது. உடனே அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு, 2016ஆம் ஆண்டு விதிகளின்படி வாரிசு என்ற முறையில் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிப்பதா, விற்றுவிடுவதா என்று நிதானமாக முடிவு செய்யலாம். தேர்தல் நேரத்தில் பட்டியலோடு வரும் காவலரிடம் வாசலில் நின்று விளக்கம் சொல்லும் நிலை வரக்கூடாது. 2019 திருத்தத்துக்குப் பின் உரிமமின்றி வைத்திருப்பதற்குப் பொதுவாகக் குறைந்தபட்சத் தண்டனையே 2 ஆண்டுச் சிறை.

கேள்வி: இருசக்கர வாகனத்துக்கே மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். துப்பாக்கிக்கு ஏன் இல்லை? (வேதாரண்யம் வாசகி)

பதில்: நம் சட்டம் இதுவரை அதைக் கேட்கவில்லை. ஜெர்மனியில் துப்பாக்கியை வெளியே எடுத்துச் செல்லும் அனுமதிக்கு 10 லட்சம் யூரோ அளவுக்குப் பொறுப்புக் காப்பீடு காட்ட வேண்டும். அமெரிக்காவின் சான் ஹோசே நகரமும் 2023 முதல் துப்பாக்கி உரிமையாளர்களிடம் காப்பீடு கேட்கிறது. இங்கும் கேட்கவேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் உரிமம் செய்யும் வேலையைக் காப்பீடு செய்யாது. 21 வயது நிறைவு, காவல்துறை அறிக்கை, மருத்துவச் சான்று, பயிற்சிச் சான்று என்று உரிமம் கேட்பவையெல்லாம் தகாத கைக்குத் துப்பாக்கி போகாமல் தடுப்பதற்கானவை. காப்பீடோ, காயம் பட்ட பிறகு பணம் தருவது. அதிலும், வேண்டுமென்றே சுட்டவருக்காக எந்த நிறுவனமும் பணம் கட்டாது என்பதால், துடைக்கும்போது வெடித்துவிட்டது, பூட்டாத பீரோவிலிருந்து சிறுவன் எடுத்துவிட்டான் என்பன போன்ற விபத்துகளுக்கே அது உதவும். அது சிறிய உதவியன்று. பக்கத்து வீட்டுக்காரர் காலை இழந்து, ஆண்டுக்கணக்கில் உரிமையியல் நீதிமன்றத்துக்கு அலைந்து தீர்ப்பு வாங்கினாலும், எதிராளியிடம் குத்தகைச் சாகுபடியைத் தவிர வேறெதுவும் இல்லையென்றால் அந்தத் தீர்ப்பை வைத்து என்ன செய்வது?

ஓர் எச்சரிக்கையும் உண்டு. போதிய சொத்து இல்லை என்பதை மட்டுமே காட்டி உரிமத்தை மறுக்கக்கூடாது என்று ஆயுதச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. பிரீமியத்தை எட்டாத உயரத்தில் வைத்தால் அதே மறுப்பு கொல்லைப்புறமாக வந்துவிடும்.

கேள்வி: கள்ளத்துப்பாக்கிக்காரன் காப்பீடு எடுக்கப்போவதில்லையே? (கும்பகோணம் வாசகர்)

பதில்: எடுக்கமாட்டான்தான். மோதிவிட்டு நிற்காமல் போன வண்டியைக் கண்டுபிடிக்க முடியாவிட்டாலும், இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் கிடைக்க மோட்டார் வாகனச் சட்டம் வழி செய்திருக்கிறது. துப்பாக்கிப் பிரீமியத்தில் ஒரு பங்கை ஒதுக்கி அப்படியொரு நிதியை ஏற்படுத்தலாம். இப்போதைக்கு, பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்தின்கீழ் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். சுட்டவர் யாரென்றே தெரியாத வழக்கிலும் இந்த வழி திறந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

கேள்வி: காட்டுப்பன்றி நெல் வயலை உழுதுபோட்டுவிடுகிறது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் வாங்கிவிட்டால் சுடலாமா? (திருவையாறு விவசாயி)

பதில்: கூடாது. பயிர்ப் பாதுகாப்புக்காக, மருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க 13ஆம் பிரிவில் இடமுண்டு. ஆனால் அந்த உரிமம் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை மீறும் அனுமதியன்று. விலங்கைக் கொல்வதற்கு அச்சட்டத்தின்கீழ் தனி உத்தரவு வேண்டும். நாளை காப்பீடு கட்டாயமானாலும், சட்டத்துக்குப் புறம்பாகச் சுட்டு அடுத்த வயலில் நின்றவர் மீது குண்டு பாய்ந்தால், நிறுவனம் கையை விரிக்கவே பார்க்கும். சேதத்தைப் படமெடுத்து, வனத்துறையிடம் இழப்பீட்டுக்கு மனு கொடுங்கள்.