இரண்டு பேட்டரி பேங்க் உள்ள பாய்மரப் படகில் பில்ஜ் பம்பை எதில் இணைப்பது? இரண்டிலும் சேர்த்தே கொடுத்துவிடலாமா?

சேர்த்துக் கொடுக்க வேண்டாமுங்க. பில்ஜ் என்பது படகோட அடிக்குழி, அங்கே சேருகிற தண்ணியை வெளியே இறைப்பதுதான் பில்ஜ் பம்பு; பேங்க் என்றால் பேட்டரித் தொகுப்பு. ஒரு பம்புக்கு ஒரு பேங்க். ரெண்டு பேங்கும் தண்ணி இறைக்க உதவணும்னா பம்பையும் ரெண்டாக வையுங்க, வயரையும் தனித்தனியாக இழுங்க.

எனக்குக் கோயமுத்தூர். தொழில் லாரி, வேன் வயரிங். மச்சான் கொச்சியில் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி நிறுத்தியிருக்கிறார். அதோட 12 வோல்ட் வேலை எல்லாம் என் தலையில்தான். கடல் இல்லாத ஊர்க்காரனுக்குப் படகைப் பத்தி என்ன தெரியும்னு கேக்கலாம். பம்பு எங்க ஊர்ச் சரக்குங்க.

இந்த மாதிரிப் படகில் ஒரு பேங்க் இன்ஜின் ஸ்டார்ட் பண்ண, இன்னொன்று லைட், ரேடியோ, ஃபிரிட்ஜ் எல்லாத்துக்கும். நடுவில் 1, 2, இரண்டும், ஆஃப் என்று நாலு நிலை உள்ள செலக்டர் சுவிட்ச். ஒன்று தீர்ந்தாலும் மற்றது மிஞ்சணும்னுதான் ரெண்டையும் பிரித்தே வைத்திருக்கிறார்கள். பம்போட பாசிட்டிவை ரெண்டு பேட்டரிக்கும் இழுத்துவிட்டால் அந்தச் சின்ன வயர் வழியாகவே ரெண்டும் பேரலல் ஆகி, ஒரே பேட்டரி மாதிரி ஆகிவிடும். செலக்டர் இருந்தும் இல்லாத கதை.

இப்படி நேரடியாக யாரும் பண்ண மாட்டார்கள். தெரியாமல் நடப்பது வேறு விதம். ஃப்ளோட் சுவிட்சுக்கு (தண்ணி ஏறினால் மிதந்து தானாகப் பம்பைப் போடும் சுவிட்ச்) லைட் பேங்கிலிருந்து நேர் வயர் வந்திருக்கும்; கையால் போடுகிற சுவிட்சுக்கு மட்டும் பேனல் போர்டிலிருந்து கரண்ட் எடுத்திருப்பார்கள். பேனலுக்கோ செலக்டர் வழியாகத்தான் கரண்ட் வருகிறது. செலக்டர் 2-ல், அதாவது இன்ஜின் பேட்டரியில் இருக்கும்போது தண்ணி ஏறி ஃப்ளோட்டும் மேலே வந்து, பதற்றத்தில் கை சுவிட்சையும் போட்டால், பம்பு முனையில் ரெண்டு பேங்கும் கைகோத்துக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினால், ஸ்டார்ட்டர் இழுக்கிற கரண்டில் ஒரு பங்கு இந்த மெல்லிய வயர் வழியாக ஓடப் பார்க்கும். பியூஸ் போகும். அதோடு ஆட்டோமேட்டிக்கும் போச்சு, யாருக்கும் தெரியாது.

அதனால் ஆட்டோ, கை ரெண்டுக்கும் கரண்ட் ஒரே இடத்திலிருந்து வரட்டும். லைட் பேங்கின் பாசிட்டிவில், செலக்டருக்கு முன்னாலேயே எடுத்து, பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ் போட்டு, ஆட்டோ-ஆஃப்-மேனுவல் என்ற மூணு நிலை சுவிட்சுக்குக் கொண்டுபோங்க. படகைப் பூட்டி செலக்டரை ஆஃப் பண்ணிவிட்டு ஊருக்கு வந்தாலும் ஃப்ளோட் வேலை செய்யும். பியூஸ் எத்தனை ஆம்பியர்னு பம்பு தயாரிப்பாளர் சொன்னதையே போடுங்க. குப்பை சிக்கி, பம்புக்குள் சுற்றுகிற இம்பெல்லர் நின்றால் மோட்டார் காயில் எரிவதற்குள் போகிற அளவாகத்தான் சொல்லியிருப்பார்கள். அதைப் பெரிசாக்கக் கூடாது. லைட் பேங்க் இறங்கிவிட்டால் செலக்டரை 'இரண்டும்' நிலைக்குத் திருப்பினால் போதும், தடித்த கேபிள் வழியாக மற்றது கை கொடுக்கும்.

கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற டயோடு ரெண்டு வைத்து ரெண்டு பேங்கிலிருந்தும் எடுக்கலாமேன்னு சிலர் கேப்பாங்க. எனக்கு அதில் சம்மதமில்லை. சாதாரண சிலிக்கான் டயோடிலேயே 0.7 வோல்ட் போய்விடும். வோல்டேஜ் கூடுதலாக உள்ள பேட்டரி முதலில் கொடுக்கும், சமமானதும் ரெண்டும் சேர்ந்தே இறங்கும். காலையில் இன்ஜின் கிளம்பாது.

வயர் கனத்தைக் கணக்குப் போட்டே வாங்குங்க. பம்பு 8 ஆம்பியர், போக வர 12 மீட்டர் வயர்னு வைத்துக்கொள்வோம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் கிட்டத்தட்ட 0.67 வோல்ட் விழும், 6-ல் 0.28 தான். நான் 3 சதவீதத்துக்குள் நிற்கணும்னு 6 போடுவேன். வெள்ளீயம் பூசின வயர் கிடைத்தால் அதுவே நல்லது. உப்புக்காற்றில் வெறும் செம்பு சீக்கிரம் கறுத்துப்போகும். ஜாயின்ட் எல்லாம் தண்ணி எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

பம்பு மேல் எழுதியிருக்கிற கேலனை அப்படியே நம்பாதீங்க. பீளமேட்டில் மோட்டார் வாங்கப் போகிற விவசாயி கிணறு எத்தனை அடின்னு சொல்லித்தான் பேச்சையே ஆரம்பிப்பார். இதுவும் அதேதான். மணிக்கு 2000 கேலன், அதாவது சுமார் 7,500 லிட்டர் என்பது ஏற்றமே இல்லாத கணக்கு. ஹோஸ் வளைவும் உயரமும் சேர்ந்தால் பாதி வந்தாலே பெரிசு. தண்ணி மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே ஒன்றரை அங்குல ஓட்டை விழுந்தால் நிமிஷத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் உள்ளே வரும். அதற்கு இந்தப் பம்பு ஈடு கொடுக்காது. புரொப்பெல்லர் ஷாஃப்ட் பக்கம் சொட்டுவதற்கும் மழைத்தண்ணிக்கும்தான் இது. மரக்கட்டை அடைப்பானும் கைப்பம்பும் கட்டாயம் வேணும்.

ரெண்டாவது பம்பைப் பெரிசாக வாங்கி, ஒரு அரை அடி மேலே, தனி ஃப்ளோட்டோடு இன்ஜின் பேட்டரியில் கொடுங்க. கூடவே சத்தமான ஹாரன். ஸ்டார்ட் பேட்டரியைத் தொடக்கூடாதுன்னு சொல்பவர்கள் உண்டு. ஆனா தண்ணி அந்த மட்டத்துக்கு வந்தபின் பேட்டரியை மிச்சம் பிடித்து என்ன பண்ணப்போறீங்க? ரெண்டு பம்புக்கும் ஒரே ஃப்ளோட் மட்டும் வேண்டாம், பேங்க் ரெண்டும் திரும்ப அங்கேயே சேர்ந்துவிடும்.

வேலை முடிஞ்சதும் செலக்டரை ஆஃப் பண்ணி, பில்ஜில் ஒரு வாளி தண்ணி ஊற்றிப் பாருங்க. பிறகு செலக்டரை 2-ல் வைத்து, ஃப்ளோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கை சுவிட்சையும் போட்டு, லைட் பேங்கில் பம்புக்குப் போட்ட பியூஸை மட்டும் உருவுங்க. முதல் பம்பு நிற்கணும். நிற்காமல் ஓடினால் எங்கேயோ இன்னொரு வழியில் கரண்ட் வருது.