ஆர்க்கிட் பூ நெடுநாள் நிற்க: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கும் மேல் தொட்டி ஆர்க்கிட்டைப் பற்றியவை. செடி நன்றாக இருக்கிறது, பூவும் வந்துவிட்டது, ஆனால் எதிர்பார்த்த நாள் வரை அது நிற்கவில்லை என்பதே பலருடைய குறை. ஒன்றையொன்று ஒத்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

இரண்டு மூன்று மாதம் பூ நிற்கும் என்று கேள்விப்பட்டு ஆர்க்கிட் வாங்கினேன். பதினைந்தே நாளில் பூக்கள் வாடிவிட்டன. எங்கே தவறினேன்?

உங்களிடம் இருப்பது எந்த ஆர்க்கிட் என்று தெரிந்த பிறகுதான் தவறு உங்களுடையதா என்று சொல்ல முடியும். இரண்டு முதல் நான்கு மாதம் வரை பூ நிற்பது ஃபெலனாப்சிஸ் இனத்தில். அகன்ற தடித்த இலைகளும், வளைந்த தண்டில் வரிசையாக அமரும் தட்டையான பூக்களும் அதன் அடையாளம். டென்ட்ரோபியம், பாஃபியோபெடிலம் ஆகியவற்றின் பூக்கள் ஏறக்குறைய ஆறு முதல் எட்டு வாரமும், ஆன்சிடியம், வாண்டா ஆகியவற்றின் பூக்கள் நான்கு முதல் ஆறு வாரமும் நிற்கும். கேட்லியாவின் பூ பெரியது, பெரும்பாலும் மணமுள்ளது, ஆனால் ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்குள் அதன் காலம் முடிந்துவிடும். உங்கள் செடியில் சுருக்கம் வைத்த அகன்ற உதடு (பூவின் நடுவில் தனித்துத் தெரியும் கீழிதழ்) கொண்ட பெரிய பூக்கள் இரண்டோ மூன்றோ இருந்திருந்தால், அது கேட்லியாவாக இருக்கலாம். அப்படியானால் பதினைந்து நாள் நின்றது குறைவே அல்ல.

ஃபெலனாப்சிஸ் பதினைந்து நாளில் வாடினால் காரணம் தேடத்தான் வேண்டும். பெரும்பாலும் அந்தக் காரணம் அடுத்து வரும் மூன்று பதில்களில் ஒன்றாக இருக்கும்.

சாப்பாட்டு மேசையில் பழக்கூடைக்குப் பக்கத்தில் ஆர்க்கிட்டை வைத்திருந்தேன். இரண்டு மூன்று நாளில் திறந்திருந்த பூக்கள் எல்லாம் ஒரே சமயத்தில் தொங்கிவிட்டன. இலை பச்சையாகத்தான் இருக்கிறது. பழத்துக்கும் பூவுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, நேரடியான சம்பந்தம். இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் மற்றப் பராமரிப்பு எல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

ஆர்க்கிட் பூ இத்தனை நாள் நிற்பதற்குக் காரணம் அது காத்திருப்பதுதான். பல ஆர்க்கிட்டுகளுக்கு மகரந்தம் சேர்க்கும் பூச்சிகள் குறிப்பிட்ட சில மட்டுமே; அந்தப் பூச்சி எப்போது வரும் என்பது செடிக்குத் தெரியாது என்பதால், பூவை வாடவிடாமல் வாரக்கணக்கில் வைத்திருக்கிறது. மகரந்தம் சேர்ந்த சில மணி நேரத்திலேயே அந்தப் பூவுக்குள் எத்திலீன் என்னும் வாயு உருவாகத் தொடங்குகிறது; இதழ்களுக்குப் போய்க்கொண்டிருந்த சத்து இனி விதைப்பைக்குத் தேவை என்ற செய்தி அதுதான். ஒருமுறை ஒரே தண்டில் நின்ற ஒன்பது ஃபெலனாப்சிஸ் பூக்களில் ஒன்றின் மஞ்சள் மகரந்தத் திரளைப் பல்குச்சியின் நுனியால் எடுத்து, இன்னொரு பூவின் சூல்முடிக் குழியில் வைத்துப் பார்த்தேன். மறுநாள் மாலைக்குள் மகரந்தம் பெற்ற பூவின் இதழ்கள் எண்ணெய் பட்ட தாள்போல ஒளி ஊடுருவும்படி மெலிந்து உட்புறமாக மடங்கத் தொடங்கின. மகரந்தத்தை இழந்த பூவும் சில நாளில் சோர்ந்தது. அவை இரண்டையும் கிள்ளிவிட்டேன். மீதி ஏழும் அதன் பிறகு ஆறு வாரம் நின்றன.

பழுக்கும் வாழை, ஆப்பிள், தக்காளி முதலியவை வெளிவிடுவதும் இதே எத்திலீன்தான். மகரந்தம் சேராமலேயே சேர்ந்துவிட்டது என்ற பொய்ச் செய்தி பூவை எட்டுகிறது. அது உடனே காத்திருப்பை முடித்துக்கொள்கிறது. எல்லாப் பூக்களும் ஒரே சமயத்தில் தொங்கியதும், இலையும் வேரும் பாதிக்கப்படாததும் எத்திலீனுக்கே உரிய அடையாளங்கள். ஆகவே பழக்கூடை இருக்கும் அறையில் பூத்த ஆர்க்கிட் வேண்டாம். சிகரெட் புகை, சரியாக எரியாத அடுப்பின் புகை ஆகியவற்றிலும் எத்திலீன் உண்டு. வாடிய பூவை நீக்காமல் விட்டால் அதுவும் பக்கத்துப் பூக்களை முதுமைப்படுத்தும். எனவே முதல் சுருக்கம் தெரிந்ததுமே அந்த ஒரு பூவைக் காம்போடு எடுத்துவிடுங்கள். திறந்த ஜன்னலருகே தேனீ வந்து போகும் என்றால் ஒரு வலைத்திரை போட்டுவிடுவதும் பலன் தரும்.

பூந்தண்டில் பன்னிரண்டு மொட்டுகள் இருந்தன. வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரு வாரத்தில் நுனியிலிருந்த ஆறும் மஞ்சளாகி உதிர்ந்துவிட்டன. ஏன்?

செடி வளர்ந்த பசுமைக்குடிலின் ஒளி, ஈரம், வெப்பம் எல்லாம் ஒரே நாளில் மாறிவிட்டதே முக்கியக் காரணம். செடிக்கு நெருக்கடி வரும்போது முதலில் கைவிடப்படுபவை திறக்காத மொட்டுகள்தான். குளிர்சாதனக் கருவியின் காற்று நேராகப் படுவது, வெப்பமான உலர்ந்த காற்று, நீர் முற்றிலும் காய்ந்துபோவது, அல்லது நீர் தேங்கி வேர் அழுகுவது ஆகிய ஒவ்வொன்றும் இதே விளைவைத் தரும்.

செடி வந்த முதல் நாளே அதற்கு ஓர் இடத்தை முடிவுசெய்து, பூக்காலம் முடியும் வரை அங்கேயே விட்டுவிடுங்கள். நேர்வெயில் படாத நல்ல வெளிச்சம், 18 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பம், 50 முதல் 70 சதவீதம் காற்றீரம் ஆகியவை இருந்தால் மொட்டுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும் காலத்தில் பூவின் ஆயுள் குறைவதைத் தவிர்க்க முடியாது. வீட்டிலேயே குளிர்ச்சியான வெளிச்சமுள்ள மூலையைத் தேடிக்கொடுப்பதுதான் வழி.

வாங்கும்போதே ஒன்றைக் கவனியுங்கள். தண்டின் அடியிலிருந்து நுனியை நோக்கியே பூக்கள் திறக்கும். பாதிப் பூக்கள் திறந்து, மீதி மொட்டுகள் பருத்து நிறம் காட்டும் செடியே நல்ல தேர்வு. எல்லாம் சிறு பச்சை மொட்டுகளாக இருக்கும் செடி நெடுநாள் பூக்கும் என்று நினைத்து வாங்குபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை நீர் விட வேண்டும்? வாரம் ஒருமுறை மூன்று பனிக்கட்டிகளை வைத்தால் போதும் என்பது சரியா?

நாள் கணக்கை நம்பாதீர்கள். வேரின் நிறத்தைப் பாருங்கள். ஃபெலனாப்சிஸ் வேரின் மேல் வெலாமென் எனப்படும் பஞ்சு போன்ற உறை இருக்கிறது. காய்ந்திருக்கும்போது அது வெள்ளிச் சாம்பல் நிறத்தில் இருக்கும். நீர் பட்ட சில நொடிகளில் உள்ளிருக்கும் பச்சை மேலே எழுந்து வருவதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். செடியைக் கண்ணாடி போன்ற ஒளிபுகும் தொட்டியில் வைக்கச் சொல்வது இதற்காகவும்தான். உட்பக்க வேர்கள் வெள்ளியாகிவிட்டால் நீர் விடலாம். பச்சையாக இருந்தால் காத்திருங்கள். மரப்பட்டையும் கரியும் கலந்த ஊடகத்தில் ஐந்திலிருந்து ஏழு நாளுக்கு ஒருமுறை என்றும், பாசியில் அதைவிட நீண்ட இடைவெளி என்றும் வரும். ஆனால் அறையின் சூடும் காற்றும் இதை மாற்றிவிடும்.

காலையில், அறை வெப்பத்திலுள்ள நீரை, தொட்டியின் அடியிலிருந்து வழிந்தோடும் வரை விட்டு, முழுவதும் வடிந்த பிறகே அலங்காரத் தொட்டிக்குள் திரும்ப வையுங்கள். அலங்காரத் தொட்டிக்குள் தேங்கும் நீரால் அழுகும் வேர்களே ஆர்க்கிட் பூ சீக்கிரம் வாடுவதற்கு மிகச் சாதாரணமான காரணம். வேர் அழுகிய செடியின் பூ, நீரில்லாத செடியின் பூவைப் போலவே துவளும். அதைப் பார்த்து இன்னும் நீர் விட்டால் செடியே போய்விடும். இலைகள் கூடும் நடுக்குருத்தில் நீர் தங்கினால் பஞ்சால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

பனிக்கட்டியைப் பொறுத்தவரை, ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகமும் ஜார்ஜியா பல்கலைக்கழகமும் இணைந்து செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், மரப்பட்டை ஊடகத்தில் வளர்ந்த ஃபெலனாப்சிஸுக்கு அந்த முறையால் கெடுதல் ஏதும் வரவில்லை. பூவின் ஆயுளும் குறையவில்லை. எனவே அது தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் பனிக்கட்டி ஊடகத்தில் சேரும் உரத்தின் உப்பைக் கழுவிவிடாது. மாதம் ஒருமுறையேனும் வெறும் நீரைத் தாராளமாக ஊற்றி வடியவிடுவது அவசியம்.

பூத்திருக்கும்போது உரம் கொடுக்கலாமா? தொட்டி மாற்றலாமா?

உரத்தை அட்டையில் சொல்லும் அளவில் கால் பங்காக நீர்த்து, ஊடகம் ஈரமாக இருக்கும்போது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். கொடுக்காவிட்டாலும் இப்போதிருக்கும் பூவுக்கு நட்டமில்லை. தொட்டி மாற்றுவதைப் பூ முடியும் வரை தள்ளிப்போடுங்கள், வேர் அழுகும் நாற்றம் வந்தால் தவிர.

பூக்கள் ஒன்று இப்பக்கமும் ஒன்று அப்பக்கமுமாகத் திரும்பி நிற்கின்றன. ஏன்?

மொட்டு வளரும் காலத்தில் தொட்டியைத் திருப்பியிருப்பீர்கள். மொட்டுகள் வெளிச்சம் வரும் திசையைப் பார்த்துத் தம்மை அமைத்துக்கொள்பவை. நடுவில் திசை மாறினால் காம்பு முறுக்கிக்கொள்ளும். தொட்டியின் விளிம்பில் ஒரு சிறு குறியிட்டு, துடைக்க எடுத்தாலும் அதே திசையில் திரும்ப வையுங்கள்.

வெள்ளைப் பூக்களில் பழுப்பு நிறச் சிறு புள்ளிகள் வந்திருக்கின்றன. பூவின் பின்புறம் பிசுபிசுப்பாகவும் இருக்கிறது. இரண்டும் ஒரே நோயா?

அல்ல. புள்ளிகள் போட்ரைட்டிஸ் என்னும் சாம்பல் பூஞ்சணத்தின் வேலை. ஈரமும் குளிர்ச்சியும் அசையாத காற்றும் சேர்ந்தால் அது இதழில் முளைக்கும். காற்றீரம் வேண்டும் என்பதற்காகப் பூக்களின் மீதே நீர் தெளிப்பவர்கள் பலர். அதை விட்டுவிட்டு, கூழாங்கல் பரப்பி நீர் ஊற்றிய தட்டின் மேல், தொட்டியின் அடி நீரில் படாதபடி வையுங்கள். புள்ளி வந்த பூக்களை எடுத்துவிட்டு, மெல்லிய காற்றோட்டம் கொடுங்கள்.

பிசுபிசுப்புக்கு இரண்டு காரணம் இருக்கலாம். தெளிந்த தேன்துளிகள் மட்டும் தெரிந்தால், அது செடி தானே கசியவிடும் இனிப்பு நீர், கவலை வேண்டாம். இதழ்களின் பின்புறமும் காம்பு சேரும் இடுக்கிலும் வெள்ளைப் பஞ்சுபோல ஏதேனும் ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள். இதழில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை திரும்பவும் தேடிப் பார்க்க வேண்டும், முட்டைகள் தப்பியிருக்கும்.

எல்லாப் பூக்களும் உதிர்ந்துவிட்டன. தண்டை அடியோடு வெட்டலாமா, விட்டுவைத்தால் மறுபடி பூக்குமா?

ஃபெலனாப்சிஸ் என்றால் முதலில் தண்டைப் பாருங்கள். பழுப்பாகிக் காய்ந்துவிட்டால் அடியோடு வெட்டலாம். பச்சையாக இருந்து, செடியிலும் நான்கு ஐந்து உறுதியான இலைகள் இருந்தால், அடியிலிருந்து இரண்டாவது அல்லது மூன்றாவது கணுவுக்கு ஒரு விரற்கடை மேலே, தீயில் காட்டி ஆறவைத்த கத்தியால் வெட்டுங்கள். அந்தக் கணுவிலிருந்து பக்கத்தண்டு கிளம்பி, இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி பூக்கலாம். அந்தப் பூக்கள் எண்ணிக்கையில் குறைவாகவும் சற்றுச் சிறியதாகவும் இருக்கும். இலைகள் துவண்டு சுருங்கியிருந்தால் இந்த ஆசையை விட்டு, தண்டை அடியோடு எடுத்துச் செடியை ஓய்வெடுக்க விடுவதே நல்லது என்பது என் கருத்து. புதிய தண்டு எழுவதற்குச் சில வாரங்கள் குளிர்ச்சி வேண்டும். வெப்பம் எப்போதும் 28 டிகிரிக்கு மேலேயே இருக்கும் இடத்தில் அது எழுவது அரிது.

கேட்லியாவிலும் ஆன்சிடியத்திலும் பூத்து முடிந்த தண்டு பெரும்பாலும் மறுபடி பூக்காது, அதை நீக்கிவிடலாம். டென்ட்ரோபியத்தில் காய்ந்த பூங்காம்பை மட்டும் எடுங்கள். இலை உதிர்ந்து வெறுமையாக நிற்கும் பழைய கரும்புபோன்ற தண்டைச் செத்துவிட்டதாக நினைத்துப் பலர் வெட்டிவிடுகிறார்கள். அது நீரையும் உணவையும் சேமித்து வைத்திருக்கிறது. அதன் மேல் கணுக்களிலிருந்து அடுத்த பருவத்தில் மொட்டு வரலாம். தண்டு சுருங்கி மஞ்சளாகி முழுவதும் காய்ந்த பிறகு வெட்டினால் போதும்.