85 சதவீதச் செம்பருத்தி

அன்புள்ள ஐயா,

செம்பருத்திப் பூத்தூள் ஒரு பொட்டலம் வாங்கினேன். ‘ஆன்டிஆக்சிடன்ட் 85 சதவீதம்’ என்று போட்டிருக்கிறது. பிரஷருக்கும் நல்லதாம். கொதிக்கவிட்டால் பழுப்பாக, கொழகொழவென்று வருகிறது. எலுமிச்சை பிழிந்தால் லேசாகச் சிவக்கிறது. சத்து அப்போதுதான் இறங்குகிறதா? தினம் எத்தனை ஸ்பூன் போடலாம்? செம்பருத்தி எண்ணெயும் தேய்க்கிறேன். மருமகளுக்கு மூன்றாம் மாதம், அவளுக்கும் கொடுக்கலாமா?

– ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

கடைசி வரியில் போட்டதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டாமா? மருமகளுக்குக் கொடுக்காதீர்கள். இந்தப் பூவின் சாறு எலிகளில் கருத்தங்குவதைத் தடுத்ததாக ஆய்வுகள் இருக்கின்றன. மனிதர்களில் அப்படியே நடக்கும் என்று பொருளல்ல. ஆனால் கர்ப்பத்தில் சோதித்துப் பார்க்கிற விஷயமில்லை இது.

எலுமிச்சை சமாச்சாரம் சின்னது. சிவப்பு நிறமி ஆந்தோசயனின், இந்தப் பூவில் பெரும்பாலும் சயனிடின் வகை. புளிப்பில் சிவக்கும், புளிப்பு குறைந்தால் வெளுக்கும். திரும்பியது நிறம்தான், புதிதாக எதுவும் இறங்கவில்லை. பிரஷர் ஆய்வுகள் பெரும்பாலும் ரோசெல் என்ற வேறு செடியுடையவை, அதிலும் பூவிதழ் அல்ல, அதன் அடியில் இருக்கும் புல்லிவட்டம்.

ஆனால் அந்த 85-ஐ விடமாட்டேன். கொஞ்ச காலமாகவே இந்த மாதிரி எண்கள் கண்ணில் பட்டு எரிச்சல் மூட்டுகின்றன. எதில் 85? பூவில் 85 பங்கு சத்து என்றுதானே நினைத்தீர்கள்? ஆன்டிஆக்சிடன்ட் திறனைச் சோதிக்க ஒரு வழி உண்டு. டி.பி.பி.எச். என்றொரு பொருளை மெத்தனாலில் கரைத்தால் கரு ஊதாவாக இருக்கும். அதில் பூச்சாற்றை விட்டு இருட்டில் 30 நிமிடம் வைத்தால் ஊதா வெளிறி மஞ்சளாகும். சாறு விடாத குடுவையோடு ஒப்பிட்டு, 517 நானோமீட்டர் அலைநீள ஒளியில் எவ்வளவு வெளிறியது என்பதே அந்தச் சதவீதம். சாற்றைக் கெட்டியாக விட்டால் வேலியோரச் செடிக்கும் 85 வரும்! எந்தச் செறிவில் என்று சொல்லாத சதவீதம் வெறும் அலங்காரம். கேட்க வேண்டியது, பாதி ஊதாவைப் போக்க மில்லிலிட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் சாறு செலவானது என்பதை. அந்த எண் சிறிதானால்தான் வீரியம் அதிகம். பக்கத்திலேயே வைட்டமின் சி-க்கு அதே சோதனையில் என்ன வந்தது என்றும் இருக்க வேண்டும்.

செம்பருத்தியில் இன்னொரு வம்பு. அந்த நிறமியே 520-ஐ ஒட்டிய ஒளியைத்தான் உறிஞ்சும். சாற்றின் சொந்த நிறத்தைத் தனியே அளந்து கழிக்காவிட்டால், ஊதா போன பிறகும் போகாத மாதிரி கருவி காட்டும். நல்ல பூவுக்கே மார்க் குறையும். இத்தனையும் சரியாகச் செய்தாலும் அது குடுவையில் நடந்தது. நீங்கள் குடிப்பதில் நிறமி நிறமியாகவே ரத்தத்தில் சேர்வது சொற்பம். மிச்சத்தைக் குடல் நுண்ணுயிர்கள் உடைத்து வேறு பொருள்களாக்குகின்றன. ஓராக் என்ற இதே மாதிரி எண்களின் பட்டியலை அமெரிக்க வேளாண் துறை 2012-இல் தன் தளத்திலிருந்து நீக்கியது, உடல்நலத்தோடு அவற்றுக்குத் தொடர்பு காட்ட முடியாததால்.

பழுப்பு நிறத்துக்கு வருகிறேன். அது தூள் செத்துப்போனதன் அடையாளம். இதழ் கசங்கினாலோ, குவியலாகக் கிடந்து மெல்லக் காய்ந்தாலோ, அதிலுள்ள நொதி, பாலிபீனால் என்ற தாவரப் பொருள்களைக் கறுக்கவைத்துவிடும். தூளை விடுங்கள். மருந்து அடிக்காத அன்றலர்ந்த பூவில் காம்பு, பச்சைப் புல்லி, நடுத்தண்டு மூன்றையும் கிள்ளி எறிந்துவிட்டு இதழை மட்டும் எடுங்கள். சேமிக்க வேண்டுமானால் ஒன்றன்மேல் ஒன்று படாமல், காற்றோடும் நிழலில் பரப்பி, கையில் நொறுங்கும்வரை காயவையுங்கள். இறக்கி வைத்த வெந்நீரில் போட்டு மூடி, ஐந்து நிமிடத்தில் வடிகட்டுங்கள். கொதிக்கவிட்டால் நிறமி சிதையும், இதழின் கொழகொழப்பும் கூடவே இறங்கும். இரும்புப் பாத்திரம் வேண்டாம். சயனிடின் இரும்போடு கூடிக் கருநீலமாகும்.

ஸ்பூன் கணக்கா? இரண்டு மூன்று பூவின் இதழ் ஒரு தம்ளருக்குப் போதும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள், மாத்திரையை நிறுத்திவிட்டு அல்ல.

எண்ணெய் தேய்ப்பது உங்கள் இஷ்டம். ஆனால் ஆந்தோசயனின் எண்ணெயில் கரையாது. அந்தப் புட்டி சிவப்பாக இருந்தால், சிவப்பு செம்பருத்தியிலிருந்து வந்ததல்ல.