டே ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட் நர்ஸ்களுக்குள் ஓயாத சண்டை. வேலையை எப்படிப் பிரிப்பது?

20 படுக்கை வார்டு, நைட்டில் 2 பேர், "மிச்சம் மீதி எல்லாம் எங்கள் தலையில்தான், செய்ததற்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாது" என்று எழுதியிருக்கிறீர்கள். டே ஸ்டாஃபைக் கேட்டால் அவர்களும் அதையேதான் சொல்வார்கள். ரவுண்ட்ஸ், ஸ்கேன், டிஸ்சார்ஜ் என்று பகலெல்லாம் ஓடியது நைட் வருபவர் கண்ணில் படாது; நிரம்பிக் கிடக்கும் யூரோபேக் (சிறுநீர்ப் பை) மட்டும் படும். ஆளை மாற்றினாலும் இது தீராது. எந்த வேலை யாருடையது என்று எழுதி வைத்தால்தான் தீரும்.

முதலில், விடிவதற்குள் நைட்டே முடிக்க வேண்டும் என்று விடப்படும் ஸ்பாஞ்ச் பாத். எழுந்திருக்க முடியாதவர்கள் 8 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு துடைப்பது, பெட்ஷீட் மாற்றுவது, முதுகில் புண் வராமல் பார்க்கும் பேக் கேர் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 20 நிமிடம், அதுவும் இரண்டு பேர் கை வேண்டும். மொத்தம் 160 நிமிடம். 5.30க்கு ஃபாஸ்டிங் பிளட் சாம்பிள், 6 மணிக்கு சுகர், ஆன்டிபயாடிக், இன்டேக் அவுட்புட் (உடம்புக்குள் போன, வெளியே வந்த திரவ அளவு) கூட்டல் என்று எல்லாம் வரிசையில் நிற்கும்போது இது எப்படி நுழையும்? அதனால்தான் நோயாளியை 3.30க்கே எழுப்புகிறார்கள், அவர் காலையில் ரவுண்ட்ஸில் புகார் சொல்கிறார். ஆபரேஷனுக்குப் போகிறவர்களைத் தவிர மற்றவர்களுக்குக் காலையிலேயே முடித்தாக வேண்டும் என்று மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. 3 பேர் நைட்டுக்கு, 2 பேர் காலை ஷிஃப்டுக்கு, 3 பேர் மாலை 4 மணிக்கு மேல் என்று படுக்கை எண் போட்டு ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது ஓவர், அதாவது போகிற ஷிஃப்ட் வருகிற ஷிஃப்டிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் நேரம். அதிகம் வெடிப்பது இங்கேதான். 50 மில்லி சிரிஞ்சில் பிபியைத் தூக்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின் மணிக்கு 5 மில்லி ஓடுகிறது, 4 மில்லி மிச்சம் இருக்கிறது என்றால் 48 நிமிடத்தில் தீரும். வந்தவர் எங்கோ மூன்றாவது படுக்கையில் ஓவர் எடுத்துக்கொண்டிருக்கும்போது பம்ப் அலறும். மருந்து கலக்குவதற்குள் பிபி இறங்கிவிடும். எனவே ஷிஃப்ட் மாறி ஒரு மணி நேரத்துக்குள் தீரப்போகிற சிரிஞ்ச் எதுவானாலும் போகிறவரே அடுத்ததைக் கலந்து, லேபிள் ஒட்டித் தயாராக வைக்க வேண்டும். யூரோபேக், டிரெயின் (காயத்திலிருந்து வடிவதைச் சேர்க்கும் பை) இரண்டையும் போகிறவரே அளந்து காலி செய்து, சார்ட்டில் எழுதிவிட்டுத்தான் ஓவர் கொடுக்க வேண்டும்.

ஷிஃப்ட் மாறப்போகிற நேரத்தில், 7.40க்கு அட்மிஷன் வந்தால்? படுக்க வைப்பது, வைட்டல்ஸ், ஐடி பேண்ட், ஐவி லைன், ஸ்டாட் டோஸ் (உடனே கொடுக்க வேண்டிய மருந்து) வரை இருப்பவர்கள் வேலை. அசெஸ்மென்ட் ஃபார்ம், மற்ற எழுத்து வேலை வருபவர்களுடையது. எமர்ஜென்சி டிராலியை எந்த ஷிஃப்ட் திறந்ததோ அதுவே நிரப்பி சீல் போட வேண்டும். பார்மசியிலிருந்து மருந்து வரவில்லை என்றால் எது குறைகிறது என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்து.

ஓவரைக் கவுண்டரில் உட்கார்ந்து கொடுக்காதீர்கள். படுக்கை பக்கத்தில் நின்று கொடுத்தால் கேனுலா (ட்ரிப் ஏற்றும் ஊசிக் குழாய்) போட்ட கை வீங்கியிருப்பது, ட்ரிப் நின்றிருப்பது அங்கேயே தெரிந்துவிடும்; பிறகு "நைட் என்ன செய்தது" என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் குறை சொல்ல வேண்டியிருந்தால் நோயாளியோடு இருக்கும் அட்டெண்டர் காதில் விழாமல், வெளியே வந்து சொல்லுங்கள்.

மதிப்பு விஷயம். நல்ல நைட் என்றால் ஒன்றும் நடக்காத நைட். அதை யாரும் பாராட்ட மாட்டார்கள். விட்டுப்போன ஒரு சாம்பிளை எல்லோரும் பேசுவார்கள். மே 12 நர்ஸஸ் டே கேக்கைக்கூடப் பகல் 11 மணிக்கு வெட்டினால் நைட் பார்த்தவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். இன்சார்ஜ் சிஸ்டர் 7.30க்கே வந்து "ஏழாம் பெட்டுக்கு சேச்சுரேஷன் (ரத்த ஆக்சிஜன்) இறங்கினதை 2 மணிக்கே கண்டுபிடிச்சீங்களே" என்று குறிப்பாகச் சொல்லட்டும். "எல்லாரும் நல்லா பண்றீங்க" என்பது யார் காதிலும் ஏறாது. மாதம் ஒரு நைட் அவரே பார்த்தால் இன்னும் நல்லது.

இவ்வளவு செய்தும் வேலை அடங்கவில்லை என்றால் ஆள் பற்றாக்குறைதான் காரணம். பொது வார்டில் ஒரு ஷிஃப்டுக்கு 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ், போதனா மருத்துவமனையில் 3 பேருக்கு ஒருவர், இதற்கு மேல் விடுப்புக்கு 30 சதவீதம் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லும் கணக்கு. மேலே சொன்ன 160 நிமிடம் மாதிரி ஒரு வாரத்துக்கு நேரக் கணக்கை எழுதி, டே, நைட் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு நர்சிங் சூப்பரின்டென்டென்டிடம் கொடுங்கள். ஒரு ஷிஃப்ட் மட்டும் போய் நின்றால் அது புகாராகத்தான் எடுத்துக்கொள்ளப்படும்.